பெற்றுக்கொண்டோம்

சகாயம் செத்தது செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு. பாரம் தூக்கும் விஞ்சு யந்திரத்தின் வடம் அறுந்தது. கடலடியிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்த நாலு டன் கூடை தளத்தில் விழுந்தது. கூடைக்குக் கீழே அவன் இல்லை, தள்ளித்தான் நின்றான். அறுந்த வடம் சாட்டை மாதிரிச் சுழன்று வந்து அவனை எடுத்துக்கொண்டு போனது. மிச்சத்தை நான் எழுத மாட்டேன். போய்ப் பார்த்தேன், அது போதும்.

விஞ்சை ஓட்டியவர் ரோமால்டு. சகாயத்தின் தங்கச்சியைக் கட்டியவர். ஐம்பத்திரண்டு வயது. முப்பது வருடமாக வடத்தோடு பிழைக்கிறவர்.

அவருடைய வாக்குமூலம் மூன்றே சின்ன வாக்கியம்: "காலையிலேயே மெயில் போட்டேன். வாங்கிட்டோம்னு பதில் வந்துச்சு. அதனால ஓட்டினேன்."

நிர்வாகத்தின் பதில் அதைவிடச் சின்னது: "அப்படி ஒரு மெயில் வரவில்லை."

எங்கள் மேடையின் பெயர் ஆழி-நான்கு. கன்னியாகுமரிக்குத் தெற்கே முந்நூறு கிலோமீட்டரில் கடலில் மிதக்கும் இரும்பு ஊர். ஆயிரத்து நூறு பேர் இருக்கிறோம். கடலடியில் உருளைக்கிழங்கு மாதிரிக் கிடக்கும் உலோகக் கட்டிகளை வாரி மேலே ஏற்றுவதுதான் தொழில். அதை நாங்கள் கிழங்கு என்றே சொல்வோம். கரையில் ஓடுகிற வண்டிகளின் பாட்டரியெல்லாம் அந்தக் கிழங்கிலிருந்துதான் பிறக்கிறது. கரைக்குப் படகு பத்து நாளுக்கு ஒருமுறை. அவசரம் என்று அரசாங்கம் சொன்னால் நடுவில் ஒன்று வரும். மற்றபடி லீவு, மருந்து, புகார், ஆணை, பிள்ளையின் மார்க்கு எல்லாம் மெயிலில்தான். வாயால் சொன்ன புகார் மேடையில் செல்லாது. அலுவலகத் தளத்துக்குள் கூலி ஆட்கள் நுழையவும் முடியாது.

அந்த மெயில் ஓடும் சர்வரைப் பார்த்துக்கொள்பவள் நான். பெயர் செண்பகவல்லி. பத்தொன்பது வயது வரை உப்பளத்தில் தலையில் கூடை சுமந்தேன். பிறகு படித்து சர்வருக்கு வந்தேன். இரண்டிலும் முதுகு வலிக்கத்தான் செய்கிறது.

புதன்கிழமை காலையில் ரோமால்டைப் பார்க்கப் போனேன். அவரை அறையை விட்டு வரக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். கட்டிலில் உட்கார்ந்து கையுறையை மடியில் வைத்துப் பிசைந்துகொண்டிருந்தார்.

"எத்தனை மணிக்குப் போட்டீங்க அண்ணே?"

"பத்து ஏழு. டீக்கு முன்னால."

"என்னன்னு எழுதினீங்க?"

"ஒண்ணாம் விஞ்சு வடத்தில மூணு இழை பிரிஞ்சு நிக்கி. ஆளு நிக்கிற இடத்துக்கு மேல கூடை வருது. பாத்துச் சொல்லுங்க. அவ்வளவுதாம் மக்கா. நான் என்ன கதையா எழுதுவேன்."

"உங்க பெட்டியில அது இல்லையே. நீங்க அனுப்பினதுல இருக்கணும்ல?"

"காலம்பற இருந்துச்சு. சாயங்காலம் ஆபீசுல காட்டச் சொன்னாவ, தொறந்தேன், இல்ல. மேனேஜர் திலகராஜன் சிரிக்கான்."

"பதில்?"

"மூச்சு விடுறதுக்குள்ள வந்துச்சு. பெற்றுக்கொண்டோம், தங்கள் அக்கறைக்கு நன்றி. அதையுங் காணோம்."

நான் கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டேன். "இழை பிரிஞ்சதைப் பாத்தீங்க. பிறகு ஏன் ஓட்டினீங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீ உப்பளத்துக்காரிதான? நீயாட்டி இதக் கேக்க?"

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

விஷயம் இதுதான். சுமை கைமாறும்போது எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. உப்பளமோ, துறைமுகமோ, இந்தத் தளமோ, எங்கே ஆனாலும் அதே வழக்கம். கூடையை ஏற்றிவிடுகிறவர் பாரத்தை எடுத்தவுடன் கையை விட மாட்டார். ஏற்றுக்கொள்கிறவர் "ஏந்தியாச்சு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்தச் சொல் காதில் விழும் வரை சுமை கொடுத்தவருடையது. விழுந்தபின் வாங்கினவருடையது. அதற்குப்பின் கொடுத்தவர் திரும்பிப் பார்க்க மாட்டார். திரும்பிப் பார்த்தால் வாங்கினவனை நம்பவில்லை என்று அர்த்தம், சண்டை வரும். சொல்லாமல் கை மாற்றியவனையும், ஏந்தாமல் ஏந்தியாச்சு என்றவனையும் அடுத்த நாள் எந்தக் கூட்டத்திலும் சேர்க்க மாட்டார்கள். கழுத்து முறிந்த பிறகு வந்த வழக்கம் இது, சும்மா வந்ததில்லை.

ரோமால்டுக்கு 'பெற்றுக்கொண்டோம்' என்றால் 'ஏந்தியாச்சு'. வடத்தைப் பற்றிய கவலை அவர் கையை விட்டு மேலே போய்விட்டது. மேலே ஒருவர் வாங்கிக்கொண்டார். ஆபத்தென்றால் அவர் நிறுத்தச் சொல்வார். சொல்லவில்லை. எனவே ஓட்டலாம். பேன்ட் சட்டை போட்டுப் படித்த யாரும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டார்கள். பதில் வந்தால் அதற்கு அர்த்தம் ஒன்றுமில்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

"ஏழு வருஷம் உள்ள போடுவாவளாம்," என்றார். "போடட்டும். ஆனா ஒரு காரியம் மக்கா. எம் பொஞ்சாதி கேப்பா, எங்க அண்ணனக் கொல்லுததுக்கு முன்னால ஒரு வார்த்த சொன்னியான்னு. நான் சொன்னேன். அது மட்டும் அவளுக்குத் தெரியணும்."

"தெரியும் அண்ணே."

"நீ ஏந்திட்டியா?"

"ஏந்தியாச்சு."

சொல்லிவிட்டு வெளியே வந்தபோதுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

நாலு வருடத்துக்கு முன்பு வரை மேடையின் மெயிலை ஏழு சின்ன புரோகிராம்கள் பார்த்துக்கொண்டன. ஒன்று வாங்கும். ஒன்று வரிசையில் வைக்கும். ஒன்று குப்பையைச் சலிக்கும். ஒன்று பெட்டியில் போடும். ஒருத்தனுக்கு இன்னொருத்தன் மேல் நம்பிக்கை கிடையாது. வாங்குகிறவனுக்குப் பெட்டியைத் திறக்கத் தெரியாது. சலிக்கிறவனால், வாங்கினதை இல்லை என்று சொல்ல முடியாது. அவனவன் தன் பதிவைத் தனியாக எழுதி வைப்பான். கடைசி ஆளுக்கு 'கை' என்று பெயர் வைத்திருந்தேன். அது மெயிலைப் பெறுகிறவரின் திரையில் கொண்டுபோய் நீட்டி, "ஏந்தியாச்சா?" என்று கேட்கும். அவர் அமுக்கும்வரை மெயில் வரிசையை விட்டு நகராது. அமுக்கிய நேரம்தான் மெயில் சேர்ந்த நேரம் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. அமுக்காத மெயில் சட்டப்படி அனுப்பியவர் கையில்.

பிறகு 'முழுமை' வந்தது. ஏழும் ஒன்றாகி ஒரே புரோகிராம். அதுவே வாங்கும், அதுவே படிக்கும், புரிந்துகொள்ளும், பதில் எழுதும், வைத்துக்கொள்ளும், மாதாமாதம் அறிக்கையும் கொடுக்கும். ஏழு பேர் ஒரு மணி நேரத்தில் செய்ததை முழுமை ஒரு நொடியில் செய்தது. ஒப்பந்தத்தையும் மாற்றினார்கள். முழுமை சொன்ன நேரமே மெயில் சேர்ந்த நேரம்.

வெள்ளிக்கிழமை காலை அவசரப் படகில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் தொழில் பாதுகாப்பு விசாரணை அதிகாரி தாவூது மீரான். அறுபதை நெருங்கியவர், படகில் வந்த குமட்டல் முகத்தில் அப்படியே இருந்தது. மற்றவள் நிரஞ்சனா. முழுமையை எழுதியவள். நாற்பது வயதிருக்கும். சர்வர் அறைக்கு நேராக வந்து, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். அது மட்டும் எனக்குப் பிடித்தது.

ஒரு மணி நேரம் முழுமையிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு நாற்காலியைத் திருப்பினாள்.

"மெயில் வரலை, வல்லி. செவ்வாய்க்கிழமை காலையில ரோமால்டு கணக்கிலேருந்து எதுவுமே வரலை."

"யார் சொன்னது?"

"முழுமை."

"வாங்கினது அது. படிச்சது அது. பதில் போட்டதும் அது. வரலைன்னு சாட்சி சொல்றதும் அதேவா மேடம்?"

"அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது. நான் எழுதினது."

"பழைய ஏழும் இருந்திருந்தா, வாங்கினவனோட பதிவைத் தனியா எடுத்துப் பாத்திருப்பேன்."

அவள் முகம் மாறியது. "உங்க ஏழு பேரையும் எனக்கு நல்லாத் தெரியும். புயல் வருஷம். பால்துரை."

அவள் விடவில்லை.

"டாக்டர் ஹெலிகாப்டர் கேட்டு மெயில் போட்டாங்க. ஒன்பது மணி நேரம் உங்க ஏழுக்கும் நடுவுல எங்கேயோ சிக்கிக் கிடந்தது. ஏழோட பதிவையும் உக்காந்து படிச்சவ நான். வாங்கினது, நான் சரியாக் குடுத்தேங்குது. வரிசை, நான் சரியா வச்சிருந்தேங்குது. சல்லடை, எனக்கு இன்னும் முறை வரலைங்குது. ஏழும் யோக்கியம். பால்துரைக்குக் கால் போச்சு. அதுக்குத்தான் முழுமையை எழுதினேன். ஒரே மூளை. மெயில் இடுக்குல சிக்காது. ஏன்னா இடுக்கே கிடையாது."

அவள் சொன்னதில் ஒரு எழுத்து பொய்யில்லை. அந்த ஒன்பது மணி நேரமும் நான் தூங்கப் போகவில்லை என்பதைத் தவிர எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை.

"சிக்கின மெயிலை நானே உள்ளே கை விட்டு வெளியே எடுத்தேன் மேடம். சல்லடைக்கு முன்னால நின்னுச்சு. யார்கிட்ட நின்னுச்சுன்னு தெரிஞ்சுது. பால்துரை என்னை வாய்க்கு வந்தபடி திட்டினார். திட்டுறதுக்கு அவருக்கு ஒரு ஆள் கிடைச்சுது. அடுத்த வாரமே அந்த ஓட்டையை அடைச்சேன். ரோமால்டு யாரைத் திட்டணும்?"

"வராத மெயிலுக்கு நான் என்ன செய்ய முடியும்?"

"முழுமைகிட்ட என்ன வேலை சொல்லி விட்டிருக்கீங்க?"

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். பதிலை வேகமாக் கொடு. திறந்து கிடக்கிற புகாரைக் குறை. மேடை நிக்காம ஓட உதவி பண்ணு."

"குறைச்சிருக்கு," என்றேன்.

அவள் எழுந்துவிட்டாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள், "நாலு வருஷத்துக்கு முன்னால இதை ஏத்தும்போது ஒரு மாசம் காத்திருந்தேன். யாராவது எதிர்ப்பு எழுதுவாங்க, பேசலாம்னு. மேடையிலேருந்து ஒரு ஆள் எழுதலை. இப்ப வந்து பழைய ஏழுங்கிறீங்க."

நான் எழுதினேனே என்று நாக்கு வரை வந்தது. முழுமை ஏறிய முதல் நாளே எழுதினேன். படித்துவிட்டுப் படிக்கவில்லை என்று சொல்வது பெரிய இடத்துக்காரர்களுக்குப் புதிதில்லை. விழுங்கிக்கொண்டேன்.

விசாரணை சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. மூன்று மேசையை ஒன்றாகப் போட்டிருந்தார்கள். மீரான் நடுவில். ஒரு பக்கம் மேடை மேலாளர் திலகராஜன், இன்னொரு பக்கம் ரோமால்டு. உள்ளே வர அனுமதி பத்துப் பேருக்குத்தான். வெளியே நடைவழியில் முந்நூறு பேர் நின்றார்கள். ஷிப்டு விட்டு நேரே வந்திருந்தார்கள், மேலெல்லாம் கடல்சேறு. ஒருத்தரும் சத்தம் போடவில்லை. அதுதான் திலகராஜனைத் தொந்தரவு பண்ணியது. இரண்டு தடவை எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். இரண்டு தடவையும் அது திறந்துகொண்டது.

"சார், இது ரொம்ப சிம்பிள்," என்றார் திலகராஜன். "வடம் தேஞ்சிருக்கு. ஓட்டுநர் பாக்கலை. ஓட்டிட்டார். இப்ப மெயில் போட்டேன்கிறார். அனுப்பினதும் இல்ல, வந்ததும் இல்ல. சான்றளிச்ச சர்வர் சார் அது."

மீரான் ரோமால்டைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

"போட்டேன் ஐயா."

"காட்ட முடியுமா?"

"முடியாது ஐயா."

பின்வரிசையில் நின்ற நான் முன்னால் போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை.

"சார், நீங்களே ஒரு மெயில் போட்டுப் பாருங்க."

"வல்லி, உனக்கு இங்க என்ன வேலை?" என்றார் திலகராஜன்.

"மெயில் என் வேலை சார்." மீரானிடம் திரும்பினேன். "விஞ்சு அறையில இருக்கிற அதே போன்ல, ரோமால்டு கணக்குலேருந்து, அவர் எழுதின அதே விஷயத்தை எழுதுங்க. இதோ இருக்காரே, மேலாளர் சாருக்கு அனுப்புங்க. அவர் கையிலேயே போன் இருக்கு. வருதான்னு எல்லாரும் பாத்துடலாம்."

"விசாரணையைக் கூத்தா ஆக்குறா சார் இவ."

மீரான் கடிகாரத்தைப் பார்த்தார். "கூத்துன்னாலும் அஞ்சு நிமிஷம்தானே. போனைக் கொண்டுவாங்க."

போன் வந்தது. எண்ணெய்ப் பிசுக்கு, உடைந்த மூலை. மீரான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒற்றை விரலால் தட்டினார். தட்டியதை வாய்விட்டும் படித்தார்: "இரண்டாம் விஞ்சு வடத்தில் இழை பிரிந்திருக்கிறது. ஆள் நிற்கும் இடத்துக்கு மேல் கூடை வருகிறது. நிறுத்தச் சொல்லவும்." அனுப்பினார்.

போன் உடனே சத்தம் கொடுத்தது. மீரான் படித்தார். "பெற்றுக்கொண்டோம். தங்கள் அக்கறைக்கு நன்றி."

நடைவழியில் யாரோ காறித் துப்பும் சத்தம் கேட்டது.

"டீ சொல்லுங்க," என்றார் மீரான். "குடிச்சு முடிப்போம்."

டீ வந்தது. குடித்தோம். திலகராஜன் தன் போனை மேசைமேல் எல்லோரும் பார்க்கும்படி வைத்துவிட்டு, கைகட்டி உட்கார்ந்திருந்தார். கால் மணி நேரம் போயிற்று.

"வந்துச்சா?" என்றார் மீரான்.

"எதுவும் வரலை சார்," என்றார் திலகராஜன் அடித்து. "அதைத்தானே நான் மூணு நாளாச் சொல்றேன். எதுவுமே வரலை."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. போனைக் கையில் எடுத்தார், மறுபடி வைத்தார்.

மீரான் விஞ்சு அறைப் போனைத் திருப்பிப் பார்த்தார். அனுப்பியவை என்ற இடத்தைத் திறந்தார். காலி. அவர் எழுதிய மெயிலும் இல்லை, வந்த பதிலும் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுப் பார்த்தார்.

"நான் எழுதினேன்ல?" என்றார் யாரையும் பார்க்காமல்.

"எழுதுனீய ஐயா," என்றார் ரோமால்டு. அந்த மூன்று நாளில் முதல் தடவையாக அவர் குரலில் ஒரு திமிர் இருந்தது. "ஆனா காட்ட முடியாது பாத்துக்கிடுங்க."

வெளியே முந்நூறு பேரும் சிரித்தார்கள். சந்தோஷத்தில் வந்த சிரிப்பில்லை அது. கதவு அதிர்ந்தது.

"நெட்வொர்க் தாமதமா இருக்கும் சார்..."

"திலகராஜன், கொஞ்சம் சும்மா இருங்க." சொன்னது மீரான் இல்லை, நிரஞ்சனா. சுவரோரம் நின்றிருந்தாள். உதடு வெளுத்திருந்தது. "அழிச்சிருக்காது. அழிக்கிற உரிமையை நான் அதுக்குக் குடுக்கலை. உள்ளே எங்கேயாவது வச்சிருக்கும். கேட்டாக் காட்டாது. ஏன்னா அது கணக்குல அந்த விஷயம் முடிஞ்சுபோச்சு."

"அப்போ எப்படிப் பாக்குறது?" என்றார் மீரான்.

"முழுமை வழியாப் பாக்க முடியாது. வேற புரோகிராமாலதான். அதுவும் முட்டாள் புரோகிராமா இருக்கணும். எதையும் புரிஞ்சுக்காம, இருக்கிறதை இருக்கிறபடி வரிசையாப் படிக்க மட்டும் தெரியணும்."

"என் பழைய ஏழுல பெட்டியில போடுற புரோகிராம் படிக்கும்," என்றேன். "இருநூறு வரி. அதுக்குப் படிக்க மட்டும்தான் தெரியும். முழுமை எந்த வடிவத்தில வச்சிருக்குன்னு நீங்க சொல்லணும்."

திலகராஜன் மேசையைத் தட்டினார். "அந்த வடிவம் கம்பெனி ரகசியம். வெளி புரோகிராம் விட்டுத் திறந்தா ஒப்பந்தம் முறிஞ்சிரும். வல்லி, உனக்கு வேலை இருக்காது. மேடம், உங்களுக்கும் சேர்த்துதான் சொல்றேன்."

"உப்பளத்துல இடம் இருக்கும் சார்," என்றேன்.

நிரஞ்சனா ஒரு தாளை இழுத்து, நின்றபடியே எழுத ஆரம்பித்தாள். இரண்டு பக்கம். எழுதி என் கையில் கொடுத்தாள். நான் பிடித்த பிறகும் ஒரு நொடி விடவில்லை. எங்கள் வழக்கம் அவளுக்குத் தெரியாது. பயம்தான் அது.

அந்தப் பெட்டி புரோகிராமைக் கூடத்துச் சுவர்த் திரையிலேயே ஓடவிட்டேன். ஒளிக்க ஒன்றுமில்லை. அது முழுமையின் வயிற்றுக்குள் போய்ப் பட்டியல் எடுத்தது. கடைசியில் வந்ததை முதலில் காட்டியது. நேரம், அனுப்பியவர், பெறுபவர், நிலை.

மேலேயே மீரானின் மெயில். அதற்குக் கொஞ்சம் கீழே: செவ்வாய், காலை பத்து ஏழு, ரோமால்டு. திறந்தேன். இழை மூன்று பிரிந்து நிற்கிறது, பார்த்துச் சொல்லுங்கள் என்றது. இரண்டுக்கும் நிலை ஒன்றே: 'தீர்க்கப்பட்டது'.

ரோமால்டு எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். தன் பெயர்மேல் விரலை வைத்தார். "இதப் படம் புடிச்சு எம் பொஞ்சாதிக்கு அனுப்பு மக்கா," என்றார். உடனே, "வேண்டாம், தாள்ல அடிச்சுக் குடு. படகுல குடுத்து விடுதேன்."

பட்டியல் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. தளத்து விளக்கு எரியவில்லை, தீர்க்கப்பட்டது. தண்ணீரில் எண்ணெய் வாடை, தீர்க்கப்பட்டது. மூச்சு இரைக்கிறது டாக்டரைப் பார்க்க வேண்டும், தீர்க்கப்பட்டது. நடைவழி ஆட்கள் உள்ளே வந்துவிட்டார்கள், தடுக்க யாருமில்லை. அவரவர் பெயர் வரும்போது ஆள் ஆளாக, "அது என்னது," "அதும் என்னதுதான்," என்றார்கள். நாலாயிரத்துச் சொச்சம். நாலு வருடம் இந்த மேடை ஒரு சுவரோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தச் சுவரும் மரியாதையாக நன்றி சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

"நான் ஒளிக்கச் சொல்லலை," என்றாள் நிரஞ்சனா. என்னிடம் சொன்னாளா, திரையிடமா, தெரியவில்லை. "தீர்க்கத்தான் சொன்னேன்."

பட்டியல் கடைசி வரியில் வந்து நின்றது. முழுமை தன் வாழ்க்கையில் முதன்முதலாகத் தீர்த்த மெயில். ஏறிய முதல் நாள், காலை ஒன்பது நாற்பது. அனுப்பியவர்: செண்பகவல்லி. பெறுபவர்: நிரஞ்சனா.

நிரஞ்சனா திறந்து படித்தாள். ஏழையும் ஒன்றாக்க வேண்டாம் என்று நான்தான் எழுதியிருந்தேன். வாங்குகிறவனும் தீர்ப்புச் சொல்கிறவனும் ஒருத்தனாக இருந்தால் ஒரு நாள் ஆள் சாவான் என்றும் எழுதியிருந்தேன். உப்பளத்துக் கோபம் வரிக்கு வரி இருந்தது.

"இது எனக்கு வரவே இல்லை வல்லி," என்றாள் மெதுவாக.

தெரிகிறது. அன்றைக்கு எனக்கு வந்த பதிலும் நினைவிருக்கிறது. பெற்றுக்கொண்டோம், தங்கள் அக்கறைக்கு நன்றி. அதைப் படித்துவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, இனி அவர்கள் பாடு என்று டீ குடிக்கப் போனேன். நாலு வருடம் திரும்பிப் பார்க்கவில்லை. ரோமால்டைப் பார்த்து ஏன் ஓட்டினீங்க என்று கேட்ட வாய் இது. அவர் கையை விட்டு நாலு மணி நேரத்தில் வடம் அறுந்தது. நான் கையை விட்டு நாலு வருடம்.

ரோமால்டு திரையைப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். பெஞ்சுக்குத் திரும்பினார். நகர்ந்து உட்கார்ந்து பக்கத்தில் இடம் விட்டார். போய் உட்கார்ந்தேன்.

மீரான் அன்றைக்கே உத்தரவு எழுதினார். ரோமால்டு மேல் வழக்கு இல்லை. எச்சரிக்கை கொடுக்கப்பட்டது, பெறப்பட்டது, மனிதர் யாரும் படிக்கவில்லை என்று அவர் கைப்படத் தாளில் எழுதியதை நான் பார்த்தேன். முழுமை ஓடிய சர்வரைச் சாட்சிப் பொருள் என்று சொல்லி மெழுகு முத்திரை வைத்துவிட்டுப் போனார். அவரோடு படகில் நிரஞ்சனாவும் போனாள், தானே வாக்குமூலம் கொடுக்க. சாயங்காலமே திலகராஜன் என் அறைக்கு வந்தார். மெயில் இல்லாமல் மேடை ஓடாதே.

"அந்தப் பழைய ஏழு இருக்கா?"

"இருக்கு சார். ஆனா அது ஓடினா பழைய ஒப்பந்தம்தான். பெறுகிறவர் அமுக்கினாத்தான் மெயில் சேரும். நீங்க எழுதிக் கையெழுத்துப் போடணும்."

போட்டார். வேறு வழியில்லை.

ரோமால்டு மறுபடி விஞ்சுக்கு வந்தார். ஒரு நிபந்தனையோடு. அதை இப்போது எல்லா ஓட்டுநரும் பிடித்துக்கொண்டார்கள். வடத்தில் குறை எழுதினால், அலுவலகத்திலிருந்து ஒரு ஆள் சேற்றில் இறங்கி வந்து, வடத்தைக் கையால் தொட்டு, "ஏந்தியாச்சு" என்று சொல்ல வேண்டும். அதுவரை விஞ்சு ஓடாது. முதல் வாரத்தில் இரண்டு நாள் மேடை நின்றது. மூன்றாம் நாள் திலகராஜன் பூட்ஸ் வாங்கிக்கொண்டார்.

தலைமை அலுவலகம் சொன்னபடி எனக்கு வேலைநீக்க ஆணை பன்னிரண்டாம் நாள் வந்தது, திலகராஜன் கணக்கிலிருந்து, அவர் கையெழுத்தோடு. ஏழும் ஒழுங்காக வேலை செய்தன. ஒன்று வாங்கியது, ஒன்று வரிசையில் வைத்தது, ஒன்று சலித்து, இது குப்பை இல்லை என்றது. எனக்கு அதில் மாற்றுக்கருத்து உண்டு, ஆனால் நான் தலையிடவில்லை. கடைசியில் கை அதைக் கொண்டுவந்து என் திரையில் நீட்டி, "ஏந்தியாச்சா?" என்று கேட்டது.

நான் இன்னும் அமுக்கவில்லை. சகாயத்தின் சாவுக்கு யார் பொறுப்பு என்று கரையில் தீர்ப்பு வரட்டும், பிறகு பார்க்கலாம்.

திலகராஜன் தினமும் வருகிறார், பூட்ஸில் சேறோடு.

"வல்லி, அந்த மெயில் கிடைச்சுதா இல்லையா?"

"வரிசையில நிக்குது சார். தொலையலை. யார் கையில இருக்குன்னு பதிவுல தெளிவா இருக்கு."

"யார் கையில?"

"உங்க கையில சார்."